கடைமாடியும் காம்பராவும்: சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு

மலையகம் என்றதும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்றுதான் பலருக்கும் நினைவு ஓடுகிறது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்கள் அந்தப் பேச்சில் கடைசியாக வந்து சேரும். பல வேளை வராமலே போகும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புலத்கொஹுபிட்டிய பக்கங்களிலும் நிவித்திகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை பக்கங்களிலும் இறப்பரும் தேயிலையுமாகத் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். ஹட்டனைப்போல் கடைவீதி முழுக்கத் தமிழ் கேட்கும் நகரம் இங்கே கிடையாது. ஆனால் கொழும்பு பக்கம். எட்டியாந்தோட்டையிலோ இரத்தினபுரியிலோ விடியற்காலை பஸ் ஏறினால் கடைகளில் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்துக்குப் புறக்கோட்டையில் இறங்கிவிடலாம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஒரு பிள்ளையாவது அப்படிப் பஸ் ஏறாத லயம் இன்று அரிது.

இவர்கள் ஏன் போகிறார்கள் என்று நிறையப் பேசியாகிவிட்டது. சம்பளம் போதாது, லயத்தில் இடம் போதாது, தோட்டத்தில் மரியாதை இல்லை. எல்லாம் உண்மை. ஆனால் கையில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாவோடு இறங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை அன்றிரவு எங்கே படுக்கிறது என்ற கேள்வியை ஆய்வாளர்களும் கேட்பதில்லை, தொழிற்சங்கங்களும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளையின் அடுத்த ஐந்து வருடங்களைத் தீர்மானிப்பது அதுதான் என்பது என் கணிப்பு. தோட்டத்தில் காம்பரா, அதாவது லயத்து அறை, கம்பனியின் சொத்து. வீட்டில் யாராவது பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போகும்வரைதான் அதில் நிம்மதி. கொழும்பிலும் காசில்லாத பிள்ளைக்குப் படுக்கை வேலையோடு ஒட்டித்தான் கிடைக்கிறது. வேலை போனால் படுக்கையும் போகும். லயத்தை விட்டுத் தப்பிப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளை, லயத்தின் அதே விதி நடக்கும் இன்னோர் இடத்தில் போய்ச் சேருகிறது.

சம்பளக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024 செப்டம்பரில் அது 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தரும் 200 ரூபாவுமாக 1,750 என்று அறிவித்தார்கள். பழைய 1,350 ரூபாக் கணக்கிலேயே மாதம் 25 நாள் முழுப் பேர் (ஒரு நாளின் முழுச் சம்பளம்) விழுந்தால் 33,750 ரூபா வரும். தனியார் துறைக்கான தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளமோ 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியில் 30,000 ரூபா. காகிதத்தில் பார்த்தால் கொழும்புக் கடையைவிடத் தோட்டம் மேல். அப்படியிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். சம்பளத்தைக் கூட்டினால் இளைஞர்கள் தோட்டத்தில் நிற்பார்கள் என்ற வாதத்துக்கு இந்த இரண்டு எண்களே பதில்.

காகிதத்தில் உள்ள 25 நாள் தோட்டத்தில் கிடைப்பதில்லை. இறப்பர்க் காட்டில் இது இன்னும் கடுமை. பால்வெட்டு விடியற்காலை வேலை. பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை அடித்தால் சிரட்டையில் சேர்ந்த பால் தண்ணீரோடு போய்விடும். தென்மேல் பருவமழையின் முழு வேகத்தையும் வாங்குவது இந்த இரண்டு மாவட்டங்கள். மே, ஜூன் மாதங்களில் மரத்தடிக்குப் போய் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் காலைகள் எத்தனையோ. 2019 முதல் இறப்பர் மரங்களில் பரவிய இலையுதிர்வு நோய் பால் வரத்தையும் குறைத்தது. தேயிலையிலோ, சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். இதற்கெல்லாம் மேல், பதினெட்டு வயதில் பேர் பதிந்தவன் ஐம்பத்தைந்து வயதிலும் அதே மலையில் அதே கத்தியோடு நிற்பான். தகப்பன் நிற்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறான். மாதம் ஐயாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, நாளைக்கு இதுவாக இருக்கக்கூடாது என்று அவன் நினைப்பதை யாராலும் தவறென்று சொல்ல முடியாது.

மண்ணும் துரத்துகிறது. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்தது. அடுத்த வருட மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. லயங்கள் பெரும்பாலும் சரிவுகளில் கட்டப்பட்டவை. கடும் மழை இரவுகளில் பாடசாலையிலோ கோயிலிலோ போய்ப் படுக்கும் குடும்பங்களுக்கு, மூத்த பிள்ளை கொழும்பில் இருக்கிறது என்பது பணத்துக்கு அப்பாலும் ஓர் ஆறுதல்.

வெளியே போவது இந்த மக்களுக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது, தன் விருப்பத்தோடு போகலாம் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணி கொடுத்த முற்பணத்தோடு வந்தவர்கள் அந்தக் கடனிலேயே கட்டுண்டு கிடந்தார்கள். துண்டு என்ற கடன் சீட்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாது; அந்த முறையைச் சட்டத்தால் நிறுத்தவே 1921 வரை ஆனது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. நாடற்றவன் நகரத்தில் என்ன வேலை தேடுவான்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள், 1973–74 பஞ்சம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிறகு 1977இல் வன்செயல். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் மீது மறுபடியும் தாக்குதல். சப்ரகமுவையிலிருந்து ஒரு பெரிய வெளியேற்றம் அந்த ஆண்டுகளில் நடந்தது. அது கொழும்பை நோக்கியது அல்ல, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும். காந்தீயம் போன்ற அமைப்புகள் அங்கே குடியேற உதவின. சட்டி பானையோடு லொறியில் ஏறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வன்னியில் இருக்கிறார்கள். கொழும்புப் பயணம் குடும்பமாகப் போவதல்ல, ஒரு பிள்ளை மட்டும் போவது. திறந்த பொருளாதாரத்தோடு அது பெருகியது.

பெருகிய அதே காலத்தில் யுத்தமும் வந்தது. 1983க்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கொழும்பில் தமிழ் இளைஞனுக்கு அறை கொடுக்க வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். தங்குபவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். சுற்றிவளைப்பில் பிடித்தால், பிறந்த இடம் இரத்தினபுரி என்று அடையாள அட்டை சொன்னாலும் பெயர் தமிழ்ப் பெயர்தான். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது. கொழும்பில் கணக்கு வேலை பார்த்தபடியே எழுதிய தெளிவத்தை ஜோசப், மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் வாழும் ஒருவன் கைதாவதை வைத்தே ‘குடை நிழல்’ நாவலை எழுதினார். அந்தக் காலத்தில் பிடிபட்ட பையனுக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, இவன் என் கடைப் பொடியன் என்று சொல்லக்கூடியவர் முதலாளி ஒருவரே. சம்பளம் கொடுப்பவரே பிணையாளியாகவும் ஆனார். யுத்தம் முடிந்து வருடங்கள் ஆகின்றன. அந்த உறவின் வடிவம் அப்படியே நிற்கிறது.

இனிக் கடைக்குள் போவோம். புறக்கோட்டையில் குறுக்குத் தெருக்கள் ஐந்து. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம். இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி. செட்டியார் தெருவில் நகை. தமிழ், முஸ்லிம், சிங்கள முதலாளிகள் எல்லோரும் உண்டு. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் சைவக் கடைகளும் புடவைக் கடைகளும். இவற்றில் பலவற்றுக்குத் தோட்டத்துப் பையன்கள்தான் கையும் காலும். ஊரிலிருந்து முன்னமே போன ஒருவன் சொல்லி விடுவான். கடைக்கு ஆள் வேண்டும், சாப்பாடு தங்குமிடம் இருக்கு. அந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் காசில்லாதவனுக்கு வேறெந்தச் சம்பளமும் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

தங்குமிடம் என்பது கடையின் மேல்மாடி. ஒரு செங்குத்தான மரப்படி; அதன் பாதியையும் அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கும். மேலே சரக்கு அடுக்கியது போக மிச்சமிருக்கும் தரையில் பாய்கள். சுவரில் ஆணி அடித்து ஆளுக்கொரு பை. ஒரு மின்செருகியில் பிரிப்பான் போட்டு ஆறேழு போன்கள். குழாய் ஒன்றே ஒன்று. காலையில் அதற்கு வரிசை. மிளகாய்க் கடை மாடியென்றால் முதல் வாரம் முழுக்கத் தும்மல். அப்புறம் மூக்கு பழகிவிடும். இரவு சட்டர் இறங்கியதும் வெளியிலிருந்து பூட்டுப் போடும் கடைகளும் இருக்கின்றன. சரக்குக்குப் பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். தீப்பிடித்தால் உள்ளே படுத்திருக்கும் பிள்ளைகள் எந்த வழியால் வருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காது.

வேலை நேரத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. மாடியில் படுத்திருப்பவனை இரவு பதினொரு மணிக்கு லொறி வந்தாலும் கூப்பிடலாம். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது: நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை, வேலைக்கு எடுக்கும்போது எழுத்தில் நியமன விபரம். சாப்பாட்டுக் கடைகளுக்கும் இது பொருந்தும். ஆனால் கடையிலேயே படுப்பவன் எப்போது வேலையில் இருக்கிறான், எப்போது வீட்டில் இருக்கிறான் என்று பிரிப்பது யார்? அந்தச் சட்டத்தின் கணக்கே வீட்டுக்குப் போகும் மனிதனை நினைத்துப் போட்ட கணக்கு.

காசு விஷயம் இதைவிடச் சிக்கல். பல கடைகளில் சம்பளம் மாதாமாதம் பையன் கைக்கு முழுதாக வருவதில்லை; முதலாளியின் கொப்பியில் ஏறும்.

“முதலாளி, இந்த மாசக் காசக் கையில தாங்க.”

“ஒனக்கு என்னடா செலவு? சாப்பாடு இருக்கு, படுக்க எடம் இருக்கு. தீபாவளிக்குப் போறப்ப மொத்தமா வாங்கிட்டுப் போ.”

இதில் அக்கறை இல்லையென்று சொல்லமாட்டேன். பையன் காசைக் கண்டபடி அழித்துவிடுவான் என்று உண்மையிலேயே நினைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். அம்மா வந்து, கையில் கொடுக்காதீங்க என்று கேட்டுக்கொள்வதும் உண்டு. தீபாவளிக்கு அவன் கொண்டுவரும் மொத்தத் தொகையில்தான் வீட்டுக்குத் தகரமும் தங்கைக்குத் தோடும் வருகின்றன. ஆனால் எட்டு மாதச் சம்பளம் அடுத்தவர் கொப்பியில் இருக்கும்போது வேலையை விட்டுப் போக முடியாது. கோபித்துக்கொண்டு போனால் கொப்பியில் உள்ளது வருமா வராதா என்பது முதலாளியின் குணத்தைப் பொறுத்தது. கங்காணி காலத்தில் தொழிலாளி கடன்பட்டிருந்தான், அதனால் போக முடியவில்லை. இங்கே முதலாளி கடன்பட்டிருக்கிறார், அதனாலும் பையனே போக முடியாமல் இருக்கிறான்.

இது கொழும்பின் தனிக் குற்றமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் துணிக்கடைப் பையன்கள் இப்படித்தான் கடை மாடிகளில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். 1841இல் கிராமத்திலிருந்து வந்து அப்படியொரு கடையில் சேர்ந்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற இளைஞர்தான், தன்னைப்போன்ற பையன்களுக்காக 1844இல் வை.எம்.சி.ஏ.யைத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பரவிய அந்த அமைப்பின் வேர் ஒரு துணிக்கடை மாடி. கடையிலேயே தங்கவைக்கும் முறையை எதிர்த்துக் கடை ஊழியர் சங்கங்கள் பல வருடம் போராடின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது அங்கே தேய்ந்து போனது. நமக்குப் பக்கத்தில் பார்த்தால் சென்னை தியாகராய நகர். தென்மாவட்டங்களிலிருந்து ரங்கநாதன் தெருக் கடைகளுக்கு வந்த பிள்ளைகளின் விடுதி வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியபோது பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். கடை ஊழியர் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. அதே சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் வேறொரு வழியைக் காட்டின. மாத வாடகைக்கு ஒரு கட்டில், மெஸ்ஸில் சாப்பாடு, வேலை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. எத்தனையோ எழுத்தாளர்களும் உதவி இயக்குநர்களும் குமாஸ்தாக்களும் அந்தக் கட்டில்களில் படுத்துத்தான் தங்கள் வேலையைத் தேடினார்கள். கொழும்பில் தோட்டத்துப் பையனுக்கு அப்படியொரு மேன்ஷன் இல்லை. கோட்டையில் வை.எம்.சி.ஏ. உண்டு; எட்டியாந்தோட்டையிலிருந்து வருபவனுக்கு அதன் வாசல் தெரியாது.

சொந்தக்காரர் வீடு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ மாமா ஒருவர் இருப்பார். அவர் வீட்டிலும் ஒரே அறை. அதில் அவர் பிள்ளைகள் மூன்று. இரண்டு கிழமை பொறுப்பார்கள். மூன்றாவது கிழமை மாமியின் முகம் சொல்லிவிடும். ஒரு தனி அறை எடுக்கவோ பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன் அதைப் புரட்டக்கூடிய தோட்டக் குடும்பம் எது?

பெண்பிள்ளைகளின் பாதை வேறு. என் வாதத்துக்கு வலுவான சான்று அங்கேதான் கிடைக்கிறது. 1978இல் கட்டுநாயக்கவிலும் 1980களில் பியகமவிலும் சுதந்திர வர்த்தக வலயங்கள் வந்தன. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் போடிங்கில் தங்குகிறார்கள். ஓர் அறையில் நான்கைந்து பேர், ஒரு கட்டிலில் இரண்டு பேர், மண்ணெண்ணெய் அடுப்பில் முறை வைத்துச் சமையல், கக்கூசுக்கு வரிசை. கடை மாடியைவிடப் பெரிய வசதியொன்றும் இல்லை. ஆனால் வாடகையை அவள் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறாள். சூப்பர்வைசர் வாய் நீண்டால் அடுத்த மாதம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு மாறுவாள்; பாய் இருந்த இடத்திலேயே இருக்கும். சம்பளம் அவள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது, ஊழியர் சேமலாப நிதி பிடிபடுகிறது. ‘கார்மன்ட் பிள்ளை’ என்று ஊரில் கேவலமாகப் பேசுவார்கள். கல்யாணப் பேச்சில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும். ஒரே லயத்திலிருந்து போன அண்ணனையும் தங்கையையும் ஐந்து வருடம் கழித்து வைத்துப் பார்த்தால், தன் பேரில் வங்கிக் கணக்கும் வேலை மாறும் துணிச்சலும் தங்கையிடம்தான் பெரும்பாலும் இருக்கின்றன. திறமையில் வித்தியாசம் இல்லை. படுக்கையும் வேலையும் அவளுக்குத் தனித்தனி.

இன்னும் நல்ல வழி அவிசாவளையில் இருக்கிறது. 1990களின் இறுதியில் அங்கே சீதாவக்கைக் கைத்தொழிற்பேட்டை வந்தது. தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டைத் தோட்டங்களின் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரம். பிரதான வீதிவரை தொழிற்சாலை பஸ் வரும். அங்கிருந்து லயத்துக்குப் போகும் தோட்டப் பாதைதான் பிரச்சினை: குண்டும் குழியும், விளக்கு இல்லை, அட்டைக்கடி வேறு. இரவு முறை முடிந்து வரும் பெண்ணுக்காகத் தகப்பன் டோர்ச் லைட்டோடு சந்தியில் காத்திருக்க வேண்டும். அந்தப் பாதை சரியாக இருந்தால் போடிங் தேவைப்படாத பிள்ளைகள் எத்தனை பேர்! களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஒரு காலத்தில் ஒரு கிளையாக எட்டியாந்தோட்டைக்கும், இன்னொரு கிளையாக இரத்தினபுரி வழியே ஓபநாயக்கவுக்கும் போனது. இன்று அவிசாவளையோடு நிற்கிறது. இறப்பரையும் தேயிலையையும் கொழும்புக்குக் கொண்டுபோகத் தண்டவாளம் போட முடிந்தது. அவற்றை விளைவித்தவர்களின் பிள்ளைகள் போய்வர ஒரு தோட்டப் பாதையைச் செப்பனிட முடியவில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விடவும் முடியாது. படுக்கை வேலையோடு ஒட்டியிருப்பதன் கடைசி எல்லை இது. வெளிக்கதவு, சாப்பாட்டு நேரம், போன் எல்லாம் இன்னொருவர் கையில். 2021 ஜூலையில் டயகமத் தோட்டத்தைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலை செய்தபோது தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு இறந்தாள். நாடு கொஞ்சக் காலம் கொதித்தது. வேலைக்கான ஆகக்குறைந்த வயது அந்த வருடம்தான் 14இலிருந்து 16 ஆகியிருந்தது. வீட்டு வேலையாட்களுக்கென்று இருந்ததோ 1871இல் எழுதிய சட்டம். அது ஆளைப் பதிவு செய்வதைப் பற்றிப் பேசியதேயன்றி அவள் சம்பளத்தையோ ஓய்வையோ பற்றிப் பேசவில்லை. இத்தனைக்குப் பிறகும் தோட்டங்களுக்குள் தரகர்கள் வந்துபோகிறார்கள். நல்ல வீடு, சொந்தப் பிள்ளைபோல் பார்ப்பாங்க என்ற அதே பேச்சுத்தான்.

  

கொழும்புக்குப் போகிறவனைக் கட்டிப்போடும் கடதாசி விஷயம் வெளியிலிருப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் தமிழ்ப் பெயர் வேறு உச்சரிப்பில் பதிந்திருக்கும். பாடசாலைப் பதிவில் வேறு எழுத்து. தகப்பன் பெயர் மூன்றாவது விதம். இதைத் திருத்தாமல் அடையாள அட்டை இழுபடும். அட்டை கையில் இல்லாமல் கொழும்புக்குப் போனவன் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. கணக்கு இல்லாதவன் காசை முதலாளியின் கொப்பியில்தான் விட வேண்டும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யாராவது எடுத்துவந்தால் கிடைக்கும். பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன் அட்டையும் கணக்கும் பிறப்புச் சான்றிதழின் இரண்டு பிரதிகளும் கையில் இருக்கச் செய்வது, பெற்றோரும் ஆசிரியர்களும் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. காசு கொடுத்து அனுப்ப முடியாத வீட்டாலும் இதைச் செய்ய முடியும்.

மொழியில் சப்ரகமுவப் பிள்ளைக்கு ஒரு பலம் உண்டு. கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் சிங்களம் சரளமாக வரும். நுவரெலியாப் பக்கத்திலிருந்து வருபவன் தடுமாறும் இடத்தில் இவன் வாடிக்கையாளரோடு பேரம் பேசுவான். கடையில் சீக்கிரம் முன்னுக்கு வருவதும் அதனால்தான். ஆனால் எழுத்து தமிழில். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கான பயிற்சிகள் அவன் வீட்டுப் பக்கத்தில் நடந்தால் பெரும்பாலும் சிங்களத்தில். தமிழில் படிக்க ஹட்டனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம்வரை போக வேண்டும். அங்கே போய்ப் படிக்கவும் தங்க இடம் வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் இந்த மாகாணத்தில் மிகக் குறைவு. படிப்பைத் தொடர விரும்புகிறவனும் வேலைக்குப் போகிறவனும் கடைசியில் ஒரே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் இரத்தினபுரி டவுன் என்று சொல்லப் பழகுகிறார்கள். தோட்டக்காட்டான் என்று ஒரு தடவை கேட்ட பிறகு தோட்டத்தின் பெயர் வாயில் வராது. அப்படிச் சொல்கிறவர்களில் தமிழர்களும் உண்டு என்பது நாம் மறைக்கக் கூடாத உண்மை.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றும் இருக்கிறது. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தபோது மாடியில் தங்கியிருந்த பையன்களுக்கு, முதலாளி நல்லவராக இருந்தால், மூன்று வேளை சோறு கிடைத்தது. சொந்தமாக அறை எடுத்து நாட்கூலிக்குப் போனவர்கள் பட்டினி கிடந்தார்கள். 2022இல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்த செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. சம்பளத்தைக் காசாக வாங்குகிறவனின் காசு கண்ணெதிரே பாதியானது. சம்பளத்தில் ஒரு பங்கைச் சோறாக வாங்குகிறவனுக்குச் சோறு குறையவில்லை. போடிங்கிலிருந்த பிள்ளைகள் அரிசியை ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். பலர் திரும்பியே போனார்கள். தோட்டத்துக்குத் திரும்பிப் பேர் பதிந்தவர்களும் இருந்தார்கள், மத்திய கிழக்குக்குப் போனவர்களும் இருந்தார்கள். ஆகவே கடை மாடியை ஒரேயடியாக மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே மூடினால் அடுத்த பஸ்ஸில் வரும் பையன் ரயில் நிலையத்தில்தான் படுப்பான். மாடியைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைதான் போக வேண்டும். வேறொரு கட்டில் இருக்கிறது என்று பையனுக்கும் முதலாளிக்கும் தெரிந்தாலே பேச்சு மாறும். கொப்பியில் உள்ள காசு கைக்கு வரும்.

அந்தக் கட்டிலுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசாங்கம் தோழி விடுதிகளை நடத்துகிறது. மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாக இரண்டு விடுதிகள். முதல் மூன்று மாதம் குறைந்த வாடகை, முற்பணம் கிடையாது, அதன்பின் வேறிடம் பார்க்க வேண்டும். முதல் சம்பளம்வரை சாப்பாடு கடனில். பெருந்தோட்ட வீடமைப்புக்காக வருடாவருடம் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். வீட்டுத் திட்டங்களெல்லாம் தோட்டத்தில் இருப்பவர்களை நினைத்தே போடப்படுகின்றன. தோட்டக் குடும்பங்களின் வருமானத்தில் ஒரு பங்கோ வெளியே போன பிள்ளையிடமிருந்து வருகிறது.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு கேள்வி. தகப்பனின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சந்தா பிடிக்கிறீர்கள். மகன் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறான். அவனுக்கு நியமனக் கடிதம் இல்லை, அவன் பேரில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போகிறதா என்று பார்க்க ஆளில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது அவனுக்கு உரியது என்று அவனிடம் சொன்னவரும் இல்லை. பெரிய சங்கங்களுக்குக் கொழும்பில் கட்டடங்கள் இருக்கின்றன. கடைகள் பூட்டும் ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் புறக்கோட்டையில் ஒரு மேசை போட்டு, சட்டம் தெரிந்த ஒருவரையும் சிங்களத்தில் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதத் தெரிந்த ஒருவரையும் உட்காரவையுங்கள். முதல் கிழமை யாரும் வரமாட்டார்கள். முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். இரண்டாம் மாதம் ஒருவன் வருவான், கொப்பியில் நிற்கும் எட்டு மாதக் காசைப் பற்றிக் கேட்க.